லைன் கிளியர் வராத ஜெனரல்

என் வீட்டுக்காரர் வீரையா எழுபத்திரண்டாவது வயதில் ஜெர்மன் ராணுவத்தில் சேர்ந்தார். மூன்றே மாதத்தில் ஜெனரல் ஆகிவிட்டார். நாற்பதாயிரம் பேர் அவர் கையில். வீட்டில் அவர் கையில் இருந்தது ஒரு கெட்டில் மட்டும்தான். அதற்கும் தண்ணீர் நான்தான் ஊற்ற வேண்டும்.

இங்கே ஆக்லாந்தில், மவுண்ட் ராஸ்கில் நூலகத்துக்குப் பேப்பர் படிக்கப் போனவர் அங்கே ஒரு நோட்டீஸைப் பார்த்திருக்கிறார். பழைய யுத்தங்களை மேஜைமேல் விளையாடும் குழுவுக்கு ரயில் பற்றித் தெரிந்தவர் தேவை என்று போட்டிருந்தது. மலேசியாவில் முப்பத்துநான்கு வருஷம் ரயில்வேயில் இருந்த மனிதர் சும்மா இருப்பாரா? போய்விட்டார். அங்கே பன்னிரண்டு வெள்ளைக்காரக் கிழவர்கள், இரண்டு பிங்பாங் மேஜையைச் சேர்த்துப் போட்ட அளவுக்கு ஒரு ரஷ்ய வரைபடம், அதன்மேல் பட்டாளம் பட்டாளமாக அட்டைச் சதுரங்கள். ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு நாளைக்கு எத்தனை வண்டி ஓட்ட முடியும் என்று அந்தப் பன்னிரண்டு பேருக்கும் தெரியவில்லை. இவர் ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். அன்றைக்கே ஜெர்மன்காரர்களின் ரயில் பொறுப்பு இவருக்கு வந்தது. பிறகு ஜெனரலாக விளையாடியவர் முழங்கால் ஆபரேஷனுக்குப் போக, அந்த அட்டையும் இவரிடம் வந்து சேர்ந்தது.

அட்டை என்பது முக்கியம். நிஜத்தில் வாழ்ந்த தளபதிகளை அவர்கள் வைத்துக்கொள்வதில்லை. அவர் இப்படிச் செய்திருக்க மாட்டார், அப்படிச் செய்திருப்பார் என்று சண்டை வந்துவிடுகிறதாம். அதனால் நடுவரான கிரஹாம் தானே ஆட்களை உண்டாக்கி, பிறந்ததிலிருந்து கதை எழுதி அட்டையில் ஒட்டிக் கொடுப்பார். அட்டையில் இருக்கிறவன் எப்படி நடப்பானோ அப்படியேதான் விளையாட வேண்டும். மீறினால் புள்ளி போகும்.

நான் கிழங்கு மசாலா வைத்துக் கறிபாப்புக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தபோது இவர் அடுப்படியில் நின்று அட்டையை வாசித்தார். பெயர் ஆல்பிரெக்ட் ஃபொன் டோர்ன்ஹாகன். கிழக்கே பெரிய பண்ணை, நாற்பது குதிரை. பத்து வயதில் ராணுவப் பள்ளி. முதல் யுத்தத்தில் குதிரைப்படை லெப்டினன்ட், பிரான்சில் தொடையில் குண்டு. யுத்தம் முடிந்து ஊர்ப்பட்ட பேரை வீட்டுக்கு அனுப்பியபோதும் அவரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். போலந்தில் ஒரு டிவிஷன், அதாவது பத்தாயிரம் பேர், பிரான்சில் ஒரு பதக்கம், ரஷ்யாவில் நான்கு டிவிஷன். மேலே இருந்த தலைவனை அவருக்குப் பிடிக்காது. ஆனால் அவனுக்குச் சத்தியம் செய்துகொடுத்திருக்கிறார். சொன்ன சொல் மீறியதில்லை.

"அப்ப எங்க எஸ்டேட்டு தொரை மாதிரின்னு சொல்லுங்க," என்றேன். "அவருக்கும் குதிரை பிடிக்கும், ஆளுங்களப் பிடிக்காது."

"சும்மா இரு. இவரு பரம்பரை பிரபு."

"பிரபுவுக்கு யாரு சோறாக்குனாங்கன்னு போட்டிருக்கா?"

போட்டிருக்கவில்லை. கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. போர்முனைக்குப் பின்னால் இருந்த கிராமங்களை எரிக்கச் சொல்லி மேலிருந்து வந்த உத்தரவுகளில் கையெழுத்திட்டார். இவர் அதை வாசிக்காமல் தாண்டப் பார்த்தார். நான் எட்டிப் பார்த்துவிட்டேன்.

"இது என்னாங்க?"

"மேலேருந்து வந்தது. அவரு என்ன செய்வாரு?"

"கை அவரோடதுதானே?"

இவருக்கு அந்த ஆளைப் பிடித்துப்போனதற்குக் காரணம் எனக்குத் தெரியும். இவரும் உத்தரவு இல்லாமல் ஒரு துரும்பை நகர்த்தாத ஆள். குவாலா லிப்பிஸ் பக்கத்துக் காட்டு லைனில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தார். ஒற்றைத் தண்டவாளம். அடுத்த ஸ்டேஷன்காரன் மணியடித்து, தண்டவாளம் காலி என்று லைன் கிளியர் கொடுத்தால்தான் இங்கே மெஷினிலிருந்து டோக்கன் வெளியே வரும். டோக்கன் கைக்கு வந்தால்தான் டிரைவர் வண்டியை எடுப்பான். இல்லாவிட்டால் எதிரெதிரே இரண்டு வண்டி மோதும். அதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் மழையில் கம்பி அறுந்து, எவ்வளவு மணியடித்தும் பதில் வராவிட்டால் அதற்கும் அவர்கள் புத்தகத்தில் ஒரு வழி இருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் தன் பொறுப்பில் ஒரு சீட்டு எழுதி, நேரம் போட்டு, கையெழுத்திட்டு டிரைவரிடம் கொடுக்கலாம். வண்டி நடை வேகத்தில், எங்கேயும் நிற்கத் தயாராகப் போகும்.

முப்பத்துநான்கு வருஷத்தில் இவர் அந்தச் சீட்டை ஒருமுறைகூட எழுதியதில்லை. ஒரு டிசம்பர் வெள்ளத்தில் எழுத வேண்டி வந்தபோதும் எழுதவில்லை. ஐந்து மணி நேரம் வண்டி நின்றது. வண்டிக்குள் நான் இருந்தேன். அம்மா வீட்டில் பிள்ளை பெற்று, நாற்பது நாள் குழந்தை திவாகரை மடியில் போட்டுக்கொண்டு இவருடைய குவார்ட்டர்ஸுக்குத்தான் வந்துகொண்டிருந்தேன். இவர் இருக்கும் ஸ்டேஷனைத் தாண்டி அடுத்த ஸ்டேஷனில்தான் குவார்ட்டர்ஸ். குழந்தை கத்துகிறது, ஜன்னல் மூடினால் புழுக்கம், திறந்தால் மழை. இவர் குடை பிடித்துக்கொண்டு வந்து ஜன்னல் வழியாக டீ கொடுத்தார்.

"சீட்டு எழுதி விடுங்களேன்," என்றேன்.

"பதில் வரட்டும்."

பதில் வந்தபோது, லைன் காலையிலிருந்தே காலியாகத்தான் கிடந்தது என்று தெரிந்தது. மேலிடத்திலிருந்து இவருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. ஃபிரேம் போட்டு வைத்திருக்கிறார். நான் அந்தக் கண்ணாடியை மட்டும் துடைப்பதில்லை.

இப்போது நடந்ததற்கு வருகிறேன்.

திவாகர் எங்களை ஆக்லாந்துக்குக் கூப்பிட்டு வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. த்ரீ கிங்ஸில் இந்த வாடகை வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருந்தோம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனும் மருமகள் விஷாலினியும் பிள்ளைகளும் ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த்துக்குப் போய்விட்டார்கள். எங்களுக்கும் விசா எடுக்கிறேன், அதுவரை இங்கேயே இருங்கள் என்றான். இருந்தோம். இந்த மே மாதம் வீட்டுச் சொந்தக்காரன் வீட்டை விற்கப் போவதாகத் தொண்ணூறு நாள் நோட்டீஸ் கொடுத்தான்.

"ப்பா, எதுவும் செஞ்சிடாதீங்க," என்று திவாகர் போனில் சொன்னான். "புது வீட்டுக்கு ஒரு வருஷம் கையெழுத்துப் போட்டுட்டு, நடுவுல விசா வந்துட்டா மாட்டிக்குவீங்க. விசா ஏஜென்ட்ட கேட்டுட்டு நான் சொல்றேன். வெயிட் பண்ணுங்க."

அதற்குப் பிறகு அவன் சொன்னதெல்லாம் கட்டைவிரல். இவர் பத்து வரியில் செய்தி அனுப்புவார். அங்கிருந்து ஒரு கட்டைவிரல் படம் வரும். அது சரி என்கிறதா, பார்த்தேன் என்கிறதா, தொந்தரவு செய்யாதே என்கிறதா, யாருக்குத் தெரியும்?

நோட்டீஸ் வந்த வீட்டில் வாழ்வது எப்படி என்று கேளுங்கள். எட்டுப் பெட்டி கட்டினேன். அடுத்த வாரமே கரண்டி வேண்டும் என்று இரண்டைப் பிரித்தேன். சனிக்கிழமைதோறும் வீடு பார்க்க ஆட்கள் வருவார்கள், ஆகவே வெள்ளிக்கிழமை எண்ணெய்ச் சட்டி வைக்காதீர்கள் என்று விற்பனை ஏஜென்ட் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். வெள்ளிக்கிழமை ரொட்டி தின்றோம். சனிக்கிழமை அவர்கள் வரும் நேரத்தில் நாங்கள் வெளியே போய்விட வேண்டும். இவர் ஜெனரல் உத்தியோகத்துக்குப் போய்விடுவார். நான் த்ரீ கிங்ஸ் கடைவீதியில் ஒரு பெஞ்சில் குடையோடு உட்கார்ந்திருப்பேன். முன்பின் தெரியாதவன் என் அலமாரியைத் திறந்து ஆழம் பார்த்துக்கொண்டிருப்பான்.

இந்த நேரத்தில்தான் மேஜைமேல் டோர்ன்ஹாகனையும் சுற்றி வளைத்துவிட்டார்கள்.

ஆற்றங்கரையில் ஒரு ஊர். அதற்குள் இவருடைய நான்கு டிவிஷன். சுற்றிலும் சிவப்புச் சதுரங்கள். மேற்கே மட்டும் ஒரு கை அகல இடைவெளி. வெளியேற வேண்டுமென்றால் மேலிடத்தில் அனுமதி கேட்டு எழுத வேண்டும். கிரஹாம் பகடை உருட்டி, அடுத்த சுற்றில் ஒரு உறையில் பதில் கொடுப்பார். இவர் மூன்றுமுறை எழுதினார். மூன்று உறையிலும் ஒரே பதில்: இருக்கும் இடத்தில் இருக்கவும், அறிவிக்கப்படும்.

"நம்ம பையன்தான் எழுதுறானா?" என்றேன்.

லிங்கேஸ்வரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இலங்கையில் வன்னிப் பிள்ளை. பிள்ளை என்கிறேன், வயது நாற்பத்தைந்து. ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். கோயிலில் பழக்கம். சனிக்கிழமைகளில் இவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் விடுவதும் அவர்தான். நோட்டீஸ் விஷயம் தெரிந்ததும் அலைந்து ஒரு இடம் பிடித்துக் கொடுத்தார். நியூ லின்னில் ரதிதேவி என்கிறவருடைய யூனிட். இரண்டு அறை, கீழ்த்தளம், ரயில் ஸ்டேஷன் ஐந்து நிமிஷ நடை. நான் போய்ப் பார்த்தேன். அடுப்படி ஜன்னலில் வெயில் விழுந்தது. அன்று நோட்டீஸில் ஐம்பத்தெட்டாவது நாள்.

"அக்கா, சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டுக்குள்ள அவவுக்கு முடிவு சொல்ல வேணும்," என்றார் லிங்கேஸ்வரன். "ரெண்டு நர்ஸ் பிள்ளையள் கேட்டுக்கொண்டு நிக்கினம். உங்களுக்காகத்தான் மறிச்சு வச்சிருக்கிறா."

இவர் அன்றே திவாகருக்கு எழுதினார். யூனிட்டின் படம், வாடகை, ஸ்டேஷன் தூரம் எல்லாம் போட்டு. கட்டைவிரல் வந்தது. இது சரி என்கிறதா என்று கேட்டு மறுபடி எழுதினார். மீட்டிங்கில் இருக்கிறேன், பிறகு சொல்கிறேன் என்று வந்தது. அது புதன்கிழமை.

சனிக்கிழமை மழை கொட்டியது. பெஞ்சில் உட்கார வழியில்லை. கறிபாப் தட்டைத் தூக்கிக்கொண்டு நானும் லிங்கேஸ்வரனும் ஆட்டம் நடக்கும் மண்டபத்துக்குள்ளேயே போய்விட்டோம். அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரரை ஜெனரலாகப் பார்த்தேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கழுத்தை நீட்டிக்கொண்டு மேஜையைச் சுற்றி வந்தார். பழைய பிளாட்பார நடை.

லிங்கேஸ்வரன் கறிபாப்பைக் கடித்துக்கொண்டு வரைபடத்தைப் பார்த்தார். சிவப்பு வளையத்தைப் பார்த்ததும் வாய் நின்றுவிட்டது.

"அண்ணை, இதுக்குள்ள சனம் எங்க?"

"இதோ, இது நாலும் டிவிஷன்."

"அது ஆமி. நான் சனத்தக் கேக்கிறன். இது ஊர்தானே? ஊருக்குள்ள இருந்த சனம்?"

இவர் கிரஹாமிடம் ஆங்கிலத்தில் கேட்டார். கிரஹாம் நல்ல மனிதர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இந்த ஆட்டத்தில் பொதுமக்களைச் சேர்க்கவில்லை, சேர்த்தால் விதிகள் மிகவும் சிக்கலாகிவிடும் என்றார்.

லிங்கேஸ்வரன் தலையாட்டினார். "ஓம். எங்களையும் ஒருத்தரும் கணக்கில வைக்கேல்ல."

தமிழில்தான் சொன்னார். கிரஹாமுக்கு விளங்கவில்லை. மீதிக் கறிபாப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு காருக்குப் போய்விட்டார். கடைசி யுத்தத்தில் தான் எங்கிருந்து எப்படி நடந்து வெளியே வந்தார் என்று அவர் எங்களிடம் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

சுவரில் கடிகாரம் பதினொன்று நாற்பது. மேஜையில் மேற்கே அந்த இடைவெளி இன்னும் இருந்தது. அடுத்த சுற்றில் மூடிவிடும் என்று எனக்கே தெரிந்தது.

"என்னாங்க, ரதிதேவிக்கு என்ன சொல்ல?"

"திவாகர் ஒரு வார்த்த சொல்லட்டும்லா."

"இப்பவே கூப்பிடுங்க."

கூப்பிட்டார். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டார். பெர்த்தில் காலை எட்டு மணிகூட ஆகவில்லை, சனிக்கிழமை, தூங்குவான்.

"நீங்களே சொல்லுங்க. வீட்டுல குடியிருக்கப் போறது நாம."

"நாளைக்கு விசா வந்து, இங்க ஒப்பந்தத்துல மாட்டிக்கிட்டா?"

"வராம மாட்டிக்கிட்டா?"

"பதில் வரட்டும்," என்றார்.

அதே குரல். ஜன்னலில் டீ நீட்டிய அதே குரல். நானே ரதிதேவிக்குச் சரி என்று சொல்லியிருக்கலாம், ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் இவர். கையெழுத்துப் போட மாட்டார் என்று தெரிந்துகொண்டு எப்படிச் சொல்வேன்? பன்னிரண்டு ஐந்துக்கு அந்த அம்மாவே கூப்பிட்டார். நர்ஸ் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன், மன்னிக்கணும் என்றார். நான்தான் மன்னிப்புக் கேட்டேன்.

மேஜையிலும் அதுதான் நடந்தது. நாலாவது உறையும் பொறு என்றது. இவர் பொறுத்தார். சிவப்புச் சதுரம் இரண்டு மேற்கே வந்து உட்கார்ந்து வளையத்தை மூடிக்கொண்டன.

அதற்கப்புறம் இரண்டு வாரம் வீட்டில் நான் அவசியத்துக்கு மட்டும் பேசினேன். இவர் நடுக்கூடத்தில் பெட்டிகளுக்கு நடுவே நாற்காலி போட்டு, போனை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பகலெல்லாம் அப்படியே. சுவரில் படங்களைக் கழற்றிய இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. வேறு இரண்டு வீட்டுக்கு விண்ணப்பம் போட்டேன். வயதானவர்கள் என்று அவர்கள் சொல்லவில்லை, ஆனால் கொடுக்கவுமில்லை. எழுபது நாள் ஆனது. எழுபத்தைந்து ஆனது.

எழுபத்தைந்தாவது நாள் ஆட்டம் முடிந்தது. டோர்ன்ஹாகனுக்குச் சாப்பாடும் தோட்டாவும் தீர்ந்துபோய், மிச்சமிருந்த ஆட்களோடு சரணடைந்தார். நாற்பதாயிரத்தில் ஒன்பதாயிரம். லிங்கேஸ்வரன் வாசலோடு விட்டுவிட்டுப் போக, இவர் உள்ளே வந்து ஒரு காகிதத்தைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார். நல்ல கெட்டிக் காகிதம், ஓரத்தில் தங்கக் கோடு.

"என்ன இது?"

"சர்ட்டிஃபிகேட். அட்டையில உள்ள ஆளு மாதிரியே கடைசிவர நடந்தவருக்குக் கொடுக்கறது. எல்லாரும் எந்திரிச்சுக் கைதட்டினாங்க."

"ஃபிரேம் போடலாமே. அந்தக் கடுதாசிக்குப் பக்கத்துல."

நான் குத்தத்தான் சொன்னேன். இவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல், அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பையன் கேட்டான்ல," என்றார். "சனம் எங்கன்னு."

"ஆமா."

"அன்னிக்கு வண்டியில எத்தன பேரு இருந்தாங்கன்னு எனக்கு இன்னும் தெரியாது. எண்ணிப் பார்க்கல. எத்தன பெட்டின்னு தெரியும்."

நாற்பது வருஷத்தில் அந்த ரயிலைப் பற்றி இவராகப் பேசியது அதுதான் முதல்முறை. எனக்கு வாயில் நிறைய இருந்தது. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு ஒன்று மட்டும் சொன்னேன்.

"என்னையும் பிள்ளையையும் சேர்த்து எண்ணுங்க. இப்பவும் ஒருத்தி உள்ளதான் இருக்கேன். இன்னும் பதினஞ்சு நாள்தான்."

இவர் பேனா கேட்டார். கொடுத்தேன். சர்ட்டிஃபிகேட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில், ஸ்டேஷன் கையெழுத்தில் எழுதினார். நான் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தேன்.

பெர்த், திவாகர் அவர்களுக்கு. மே மாதத்திலிருந்து பலமுறை மணியடித்தும் தெளிவான பதில் கிடைக்கவில்லை. ஆகவே என் சொந்தப் பொறுப்பில் புறப்பட அனுமதிக்கிறேன். வேகம்: நடை வேகம். எங்கேயும் நிற்கத் தயார். பயணிகள்: இரண்டு. நேரம்: 3.20.

கீழே கையெழுத்து. வீரையா, ஸ்டேஷன் மாஸ்டர் என்று போட்டு, ஸ்டேஷன் மாஸ்டரை அடித்துவிட்டு, அப்பா என்று எழுதினார். படம் எடுத்து அனுப்பினார். கட்டைவிரல் வந்தது.

"எங்க போறது?" என்றேன்.

"லிங்கேஸ்வரனக் கேப்போம்."

லிங்கேஸ்வரனுடைய வீட்டுப் பின்னால் ஒரு தனியறை இருக்கிறது. அதில் இருந்த நிமலன் என்கிற பையன் வேலை மாறி க்ரைஸ்ட்சர்ச்சுக்குப் போய் நான்கு நாள் ஆகியிருந்தது. ஒரே அறை. உள்ளே அரிசி மூட்டையும் புல்வெட்டும் மெஷினும் கிடந்தன.

"உங்களுக்குக் காணாது அண்ணை," என்றார் அவர் சங்கடத்தோடு. "நியூ லின் மாதிரி வராது."

"நியூ லின் போயிடுச்சு," என்றார் இவர். "இது எப்ப கிடைக்கும்?"

எண்பதாவது நாள் போனோம். லிங்கேஸ்வரன் புல்வெட்டும் மெஷினை வெளியே எடுத்து, கட்டிலைக் கழற்றி மாட்டிக் கொடுத்தார். எட்டுப் பெட்டியில் மூன்றுதான் உள்ளே நுழைந்தன. மற்றவை அவருடைய கராஜில். ஒரு கண் அடுப்பு, சோறு வடித்து இறக்கிய பிறகுதான் குழம்பு வைக்க முடியும். ஜன்னல் பக்கத்து வீட்டு வேலியைப் பார்க்கிறது. வெயில் கிடையாது. இந்த இடத்தைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன் என்று எழுதினால் அது பொய். நியூ லின் ஜன்னலை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. இவரிடம் சொல்லவும் செய்கிறேன். கேட்டுக்கொள்கிறார்.

வந்து பதினோராவது நாள் காலை, போனில் செய்தி விழுந்தது. இவர் கண்ணாடி போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார்.

"ப்பா, ஏஜென்ட் இன்னும் ஒண்ணும் சொல்லல. எதுக்கும் அந்த வீட்ட விட்டு நகராதீங்க. நான் சொல்றேன்."

வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

"சீட்டப் படிக்கவே இல்ல போல," என்றார்.

"என்ன பதில் போடப் போறீங்க?"

பதில் போடவில்லை. போனை அரிசி மூட்டைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, கெட்டிலைத் தூக்கிக் குழாயில் பிடித்தார். அறை அவ்வளவு சிறிசு. அவர் குழாயடியில் நின்றால் நான் காலைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துக்கொள்ள வேண்டும். வைத்துக்கொண்டேன்.